தொழில் வளர்ந்த கதை – 14: யென் கடன் வந்த வழி

சென்ற அத்தியாயத்தில், 1971ஆம் ஆண்டு சிப்காட் என்னும் ஸ்தாபனம் தோன்றியதையும், இராணிப்பேட்டையில் தொடங்கிய அதன் தொழிற்பூங்காக்கள் நாளடைவில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைப் பற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஊர் ஊராகப் படர்ந்ததையும் விரிவாகக் கண்டோம். அது நிலம் கைமாறிய வரலாறு. நிலம் மாத்திரம் இருந்தால் தொழிற்சாலை எழும்பிவிடாது. சாலையும் மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். அவற்றை அமைக்கப் பெருந்தொகை வேண்டும். அந்தத் தொகையில் ஒரு பங்கு எந்த நாட்டிலிருந்து, என்ன நிபந்தனையின் பேரில், எவருடைய பிரயோஜனத்தை உத்தேசித்து வந்தது என்பதை இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

அந்த ஆராய்ச்சிக்குப் பிள்ளைப்பாக்கத்தைவிடத் தக்க ஊர் வேறில்லை. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியுள்ள இக்கிராமத்தின் ஏரி, தன் ஆயக்கட்டுக்குப் பாய்ந்தது போக, கலங்கல் வழிந்தால் மிகுநீரைச் செம்பரம்பாக்கத்துக்கு அனுப்பிவைக்கும் மேலேரிகளில் ஒன்று. இன்று அதே ஊரின் பெயரால் ஒரு சிப்காட் பூங்காவும், மத்திய சர்க்காரின் திட்டத்தின்கீழ் 379 ஏக்கரில் சுமார் 424 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மின்னணுத் தொழில் தொகுப்பு ஒன்றும் ஏற்பட்டுள்ளன. கைப்பேசியின் முகப்புக் கண்ணாடியைத் தயாரிப்பதற்காக அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியும் இந்தியாவின் ஆப்டிமஸ் கம்பெனியும் கூட்டாக 1,003 கோடி ரூபாய் முதலீட்டை 2024 ஜனவரியில் அறிவித்ததும் இவ்வூருக்குத்தான். ஏரிகளின் நடுவே அமைந்த இந்தப் பூங்காவின் ஆலைகளுக்கென்று கொண்டுவரப்பட்ட தண்ணீரோ ஏரித் தண்ணீரன்று; சென்னை நகரத்து ஜனங்கள் உபயோகித்துக் கழித்த நீரைக் கோயம்பேட்டில் சுத்திகரித்து, குழாய் வழியாக அனுப்பும் தண்ணீர். அந்த ஏற்பாட்டுக்குக் கை கொடுத்தது ஜப்பானியச் சர்க்காரின் கடன். அக்கடனுக்கு ஏறக்குறைய அறுபதாண்டுப் பூர்வ சரித்திரம் உண்டு.

இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்று, நகரங்களெல்லாம் சாம்பலாகிக் கிடந்த ஜப்பானின் குழந்தைகள், தங்கள் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு யானை வேண்டுமென்று நேருவுக்குக் கடிதம் எழுத, அவரும் தம் புதல்வியின் பெயரைச் சூட்டி ஒரு யானையை 1949இல் தோக்கியோவின் உவேனோவுக்கு அனுப்பிவைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிடக் கனமான காரியம் மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சமாதான மகாநாட்டுக்குப் போகாமல் விலகி நின்ற இந்தியா, 1952 ஜூன் 9ஆம் தேதி ஜப்பானுடன் தனியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, யுத்த நஷ்டஈடு கோரும் உரிமையை முற்றிலும் விட்டுக்கொடுத்தது. பர்மாவும் பிலிப்பைன்ஸும் இந்தோனேஷியாவும் நஷ்டஈடாகப் பெற்ற தொகையை இந்தியா கேட்கவில்லை; கேளாததனாலேயே பிற்காலத்தில் இவ்விரு தேசங்களின் கொடுக்கல் வாங்கல், பழைய வழக்கின் பாக்கியைத் தீர்ப்பதாக அமையாமல், புதிதாய்ப் போட்ட கணக்காகவே தொடங்கியது.

அந்தக் கணக்கைத் தொடங்கவேண்டிய நெருக்கடி சீக்கிரமே வந்தது. 1956இல் ஆரம்பித்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருக்காலைகளையும் கனரக இயந்திரங்களையும் நம்பிப் போடப்பட்டதாகையால், இறக்குமதிச் செலவு வெள்ளமாய்ப் பெருகி, யுத்தகாலத்தில் லண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு இரண்டே வருஷங்களில் கரையலாயிற்று. அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் நம்மவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி; 1957இன் பிற்பகுதியில் அவர் அந்நியச் செலாவணியைத் தேடி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பிரயாணம் செய்தார். அதே ஆண்டு மே மாதத்தில் ஜப்பானியப் பிரதம மந்திரி நொபுசுகே கிஷி புது தில்லிக்கு வந்ததும், அக்டோபரில் நேரு தோக்கியோவுக்குச் சென்றதும் வெறும் உபசாரப் பயணங்கள் அல்ல என்பது 1958 பிப்ரவரியில் விளங்கியது. 1,800 கோடி யென், அதாவது அன்றைய மதிப்பில் 5 கோடி டாலர், இந்தியாவுக்குக் கடனாகக் கொடுக்க ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஜப்பான் உலகில் எந்தத் தேசத்துக்கும் கொடுத்த முதல் யென் கடன் இதுவே.

இக்கடனைத் தர்மம் என்று எண்ணுவது பிழை. சூழ்ச்சி என்று எண்ணுவதும் பிழை. வாங்கிய தொகையைக் கொண்டு ஜப்பானிய இயந்திரங்களையே வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. சீனத்துச் சந்தை அடைபட்டுப்போன அக்காலத்தில், தன் இயந்திரங்களுக்கு வேறு வாடிக்கை தேடவேண்டிய அவசியம் ஜப்பானுக்கு இருந்தது. அதன் உருக்காலைகளுக்கு இந்திய இரும்புத்தாது தேவைப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் கொடுத்த அந்த ஜப்பானே அப்போது உலக வங்கியின் கடன்காரன். தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் போடுவதற்காக 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் வாங்கியது; அவ்வங்கியிடம் பட்ட கடன்கள் யாவற்றையும் 1990இல்தான் கட்டி முடித்தது. வளர்ந்து முடிந்தபின் கொடுப்பதென்று காத்திராமல், வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பதுதான் ஆசியாவின் தொழில் வளர்ச்சியில் கண்ட முறை. இந்தியாவும் பிற்பாடு அதையே செய்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

1961இல் யென் கடன்களைக் கவனிப்பதற்கென்று ஜப்பான் ஒரு நிதி ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. 1974இல் தொழில்நுட்ப உதவிக்காக ‘ஜைகா’ எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை உண்டாயிற்று. 2008இல் கடனும் தொழில்நுட்ப உதவியும் ஜைகாவின் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. தமிழ்நாட்டில் இவ்வுறவின் முதல் பலன் கட்டடமாகத் தென்படாமல் மனிதராகத் தென்பட்டது. 1959இல் ஜப்பானில் தோன்றிய வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சிச் சங்கத்தின் மூலம் அங்கே போய்ப் பழகி வந்தவர்கள் சென்னையில் ஒரு பழைய மாணவர் சங்கத்தை நிறுவி, ஜப்பானிய மொழியையும் ஆலை நிர்வாக முறைகளையும் கற்பிக்கலானார்கள். பாடியிலுள்ள சுந்தரம்–கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998இல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றதற்கு, இப்படி வித்தையைத் தேடிப் போன மனப்பான்மையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

1991ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகம் முழுவதும் கேட்டது. மே 21ஆம் தேதி இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி தேர்தல் பிரசாரத்துக்கு வந்த இடத்தில் இவ்வூரில் படுகொலை செய்யப்பட்டார். துக்கம் ஆறுமுன்னரே அமைந்த புதிய மந்திரிசபைக்கு, இறக்குமதிக்குச் சில வாரங்களுக்கே போதுமான அந்நியச் செலாவணிதான் மிஞ்சியிருந்தது. ஜூலை மாதத்தில் ரிசர்வ் வங்கியின் பெட்டகத்திலிருந்து ஏறக்குறைய 47 டன் தங்கம் விமானத்தில் ஏற்றப்பட்டு, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைக்கப்பட்டது. கிடைத்தது 40 கோடி டாலருக்குச் சற்று மேல். வீட்டு நகையை மார்வாடிக் கடையில் வைத்துக் குடும்பம் நடத்திய அந்த அவமானமே, அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிடும் கொள்கைக்குத் தேசத்தைச் சம்மதிக்க வைத்தது. ஐந்தே வருஷங்களில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கடைக்கால் போட்டதைச் சென்ற அத்தியாயங்களில் கண்டோம்.

கொடுப்பவர் எந்நேரமும் கையை இழுத்துக்கொள்ளக்கூடும் என்பதை 1998 உணர்த்தியது. மே மாதம் போக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்ததும், அணுகுண்டின் கொடுமையை அனுபவித்த ஒரே தேசமான ஜப்பான், புதிய கடன்களை நிறுத்திவைத்தது. அத்தடை 2001 அக்டோபரில்தான் நீங்கியது. மறுபுறம், 2003இல் மத்திய நிதி மந்திரி ஜஸ்வந்த் சிங், சிறு சிறு தொகை கொடுத்துவந்த பல தேசங்களின் உதவி இனி வேண்டாமென்றும், ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி முதலிய சிலரிடம் மாத்திரமே வாங்குவதென்றும் அறிவித்தார். வளரும் தேசம் தனக்குக் கொடுப்பவரைத் தானே தெரிந்தெடுத்தது அபூர்வமான நிகழ்ச்சி. சீனத்துக்குக் கொடுத்துவந்த யென் கடன்களை ஜப்பான் படிப்படியாய்க் குறைத்து நிறுத்திய காலமும் அதுவே. இவ்விரண்டும் சேர்ந்து, 2003 முதற்கொண்டு இந்தியாவை யென் கடன் பெறும் தேசங்களில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தன.

அதற்குப்பின் தமிழ்நாட்டுக்கு வந்த கடன்களைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்லலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடினால் பற்கள் கறைபட்டு எலும்புகள் வளைந்துபோன ஜனங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசேர்த்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனைக் கொண்டு 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்தது. சென்னை மெட்ரோ ரயிலுக்கு 2008 நவம்பரில் கையெழுத்தான முதல் கடன் 2,175 கோடி யென். இவையெல்லாம் இன்ன பொருளைக் கட்டு, அதற்கு இவ்வளவு தருகிறேன் என்ற பழைய மாதிரியைச் சேர்ந்தவை.

2013 நவம்பர் 12ஆம் தேதி கையெழுத்தான ‘தமிழ்நாடு முதலீட்டு ஊக்குவிப்புத் திட்ட’க் கடன் வேறு ஜாதி. தொகை 1,300 கோடி யென். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 800 கோடி ரூபாய். தொழிலுக்கு நிலம் ஒதுக்கும் முறை, அனுமதிகளை ஒரே இடத்தில் கொடுக்கும் ஏற்பாடு, தொழிற்பேட்டைகளுக்குச் சாலை, மின்சாரம், தண்ணீர், வேலைக்கேற்ற பயிற்சி ஆகிய துறைகளில் மாநில சர்க்கார் இன்னின்ன சீர்திருத்தங்களை இன்ன காலத்துக்குள் செய்வதென்று இரு தரப்பாரும் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வார்கள். செய்து முடித்ததைக் காட்டினால் பணம் விடுவிக்கப்படும். அப்பணம் தொழில் வட்டாரத்தின் அடிப்படை வசதிகளுக்குச் செலவாகும். 1958இல் இயந்திரத்துக்குக் கடன் கொடுத்த ஜப்பான், 55 ஆண்டுகள் கழித்து ஒரு சர்க்காரின் நிர்வாகப் பழக்கவழக்கத்துக்குக் கடன் கொடுத்தது. உதவியின் இயல்பில் நேர்ந்த இம்மாறுதல்தான் இந்த அத்தியாயத்தின் சாரம்.

ஜப்பானுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர் ஒரகடத்தைப் பார்த்தால் போதும். ரெனோ–நிஸான் கூட்டு ஆலை அங்கே 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. மண்வாரி இயந்திரங்கள் செய்யும் கொமாட்சு அங்கே இருந்தது. வல்லம் வடகாலில் யமஹா வந்துகொண்டிருந்தது. அவ்வாலைகளோ, மழை வந்தால் நீர் தேங்கும் சாலையாலும், துறைமுகம் போய்ச்சேர லாரிகள் நகரத்து நெரிசலில் காத்துக் கிடப்பதாலும், 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டாலும் அவதிப்பட்டன. தன் நாட்டுக் கம்பெனிகளின் தொல்லை தீர வேண்டுமென்று ஜப்பான் விரும்பியது. தொல்லையைத் தீர்க்க மலிந்த வட்டிக்குப் பணம் கிடைத்தால் தனக்கு நல்லதென்று தமிழ்நாடு கருதியது. பரஸ்பர லாபத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட உறவாதலால் இதில் ஒருவரை ஒருவர் ஏமாற்றவேண்டிய தேவை குறைவு.

இனி அந்தத் தண்ணீரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோயம்பேட்டுக் கழிவுநீர் நிலையத்தில் வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீர், முன்னெல்லாம் கூவத்தில் விடுவதற்கே லாயக்கு. இந்தத் திட்டத்தின்கீழ் சென்னைக் குடிநீர் வாரியம் அங்கே ஏற்படுத்திய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம், அந்நீரை நுண்வடிகட்டிச் சவ்வுகளில் செலுத்தி, பிறகு நம் வீடுகளில் ‘ஆர்.ஓ.’ என்று சொல்கிறோமே அதே முறையில் மிகுந்த அழுத்தத்தில் இன்னொரு சவ்வின் ஊடே தள்ளி, உப்பும் கிருமியும் நீங்கச் செய்கிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் இப்படிச் சுத்தி செய்யும் திறன் அதற்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்திலிருந்து புறப்படும் குழாய், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய பூங்காக்களை உத்தேசித்துப் போடப்பட்டது. அதே ஆண்டு கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி தரைதெரிய வற்றி, சென்னையில் குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் சுத்திகரித்த நீரும் ஒரு லிட்டர் ஏரி நீரை வீட்டுக்கு மிச்சப்படுத்துகிறது என்பது விளங்கும். கண்ணாடியைக் கழுவவும் வண்டிக்குச் சாயம் பூசவும் குடிநீர் எதற்கு?

ஆயினும் கடன் கடன்தான். ஒப்பந்தப் பத்திரத்தில் கடன் வாங்குபவர் என்று குறிக்கப்படுபவர் இந்தியக் குடியரசுத் தலைவர். ஆனால் பாரத்தைச் சுமப்பது மாநிலம். 2005 வரையில் மத்திய சர்க்கார் வெளிநாட்டுக் கடனை ரூபாயாக மாற்றி, ஒரு பகுதியை மானியமாகவும் மறு பகுதியைத் தன் வட்டியில் கடனாகவும் மாநிலங்களுக்குக் கொடுத்துவந்தது. பன்னிரண்டாவது நிதிக் கமிஷனின் சிபாரிசுக்குப் பின், வாங்கிய நிபந்தனையிலேயே அப்படியே மாநிலத்தின் தலையில் இறக்கிவைக்கும் முறை வந்தது. ஆகவே குறைந்த வட்டியின் நன்மையும் மாநிலத்துக்கு. நாணய மதிப்பு ஏறி இறங்கும் அபாயமும் மாநிலத்துக்கு. 2007இல் ஒரு யென்னுக்குச் சுமார் 35 பைசா கொடுத்த நாம், 2012இல் 65 பைசாவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வட்டி எவ்வளவு மலிவாயினும், அசல் ரூபாய்க் கணக்கில் இப்படிப் பெருத்துவிடுமானால் மலிவு மறைந்துபோகும். பின்னர் யென் இறங்கியது நமது அதிர்ஷ்டமேயன்றி நமது சாமர்த்தியம் அன்று.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜைகாவின் பெருங்கடன்களில், அசலைக் கட்டத் தொடங்குமுன் பத்தாண்டு விடுப்பும், அதன்பின் பல்லாண்டுத் தவணையும் கொடுப்பது பெருவழக்கு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் மூடிவிட்டது. அதாவது ஒரு யென் கடனின் விடுப்புக் காலம் முடியும் அளவுகூட அது நிலைக்கவில்லை. ஒரகடத்து ஆலையில் தனக்கிருந்த பங்கைக் கூட்டாளியான ரெனோவுக்கே கொடுத்துவிடுவதாக நிஸான் 2025இல் அறிவித்தது. கம்பெனி வரும், போகும்; கடன் மாத்திரம் ஊரோடு தங்கும். ஆகையால் கடன் பணத்தை, இன்ன கம்பெனிக்கு என்று செய்யும் சலுகையில் செலவிடாமல், கம்பெனி போனாலும் மிஞ்சக்கூடிய பொருளில் செலவிடுவதே விவேகம். இந்த அளவுகோலால் அளந்தால் கோயம்பேட்டுக் குழாய் தேறும். ஆலை மாறினாலும் தண்ணீர் மாறாது.

பயிற்சியும் அப்படித்தான். 2016இல் இரு தேசங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பத்தாண்டில் 30,000 பேரைத் தயாரிக்கும் நோக்கத்துடன் இந்திய–ஜப்பானிய உற்பத்திப் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. 2017இல் முதன்முதல் ஏற்பட்ட நான்கில் ஒன்றை யமஹா தமிழ்நாட்டில் நடத்தியது. கையில் ஏறிய தொழிலை எவரும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

ஆனால் அளவுகோலுக்கு மறுபுறமும் உண்டு; அது நிலம் கொடுத்தவர்களின் பக்கம். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டத்தை, 2013இல் வந்த மத்தியச் சட்டத்தோடு பொருந்தவில்லையென்று உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளியது. அதே ஆண்டில் மாநிலம் புதுச் சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுக்க, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கு முடிந்தது; ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்துவந்த குடியானவனுக்கு நிலத்தின் விலை கிடைத்தாலும் தொழில் கிடைத்ததா என்ற விசாரணை முடியவில்லை. அனுமதியை விரைவாகக் கொடுத்ததற்குக் கடனுக்காகப் போட்ட சீர்திருத்தப் பட்டியலில் இடம் உண்டு; நிலம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை வந்தது என்பதற்கும் அத்தகைய பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். கொடுக்கும் சர்க்கார் இதைக் கேளாமல் விடலாம். வாங்கும் சர்க்கார் தன் ஜனங்களுக்காகத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் இந்தியாவுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. 1964 முதல் பிற தேசத்தாருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி கொடுத்துவரும் நமது சர்க்கார், இலங்கையில் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் 50,000 வீடுகள் கட்ட உதவியது. 2022இல் இலங்கை திவாலாகி நின்றபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. ஜப்பான் 1958இல் இருந்த நிலையில் நாம் இன்று இருக்கிறோம். வாங்கிய அனுபவம் கொடுக்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இது: யென் கடன் நமக்குத் தீங்கு செய்யவில்லை; தண்ணீரிலும் பயிற்சியிலும் சென்ற பணம் நன்மையே செய்தது; அதன் கணக்கு ஜனங்களுக்குத் தெரியும்படி வைக்கப்படவில்லை என்பதே குறை. ஒவ்வொரு கடனிலும் எவ்வளவு வாங்கினோம், எதில் செலவிட்டோம், எந்த ஆண்டு வரை திருப்பிக் கட்டுவோம் என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, அந்தந்தப் பூங்காவை அடுத்த ஊராட்சியின் கிராம சபையில் வருஷந்தோறும் படிக்கச் செய்வது சர்க்காருக்குப் பெரிய காரியமன்று. அடுத்த கிராம சபையில் அதைக் கேட்க வேண்டியது பிள்ளைப்பாக்கத்தாரின் உரிமை. கடன் அவர்கள் பேரிலும்தான் இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில், எண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரையில் போடப்படும் சென்னை எல்லைச் சாலையின் வரலாற்றைக் காண்போம்.